ஏழாம் வாய்ப்பாடும் ஒப்பாரி மெட்டும்

டீச்சர், நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்தீர்கள். பயத்தில் வாய் தவறிவிட்டது என்று யாராவது உங்களுக்காகப் பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் பயப்படுகிற ஆளில்லை. குற்றாலத்துக் குரங்கு உங்கள் சாப்பாட்டுத் தூக்கைப் பறித்துக்கொண்டு மதில் மேல் ஏறியபோது, பின்னாலேயே ஏறி அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் நீங்கள்.

நாலு வருஷம் உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். இப்போது டீச்சர் என்றுதான் வருகிறது. உங்கள் பேரை நான் எழுதவில்லை. என் பேரையும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தின் பேரும் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் விஷயம் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் சிவகிரிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. ஐம்பதுகளின் நடுவில் ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டு வேலை தேடித் தென்காசிக்கு வந்தேன். பயிற்சியின் கடைசி வருஷத்தில் அம்மா செத்துப்போனாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. குற்றாலத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. அதை நடத்தியவர் தென்காசியில் மளிகை மொத்த வியாபாரி. அரசாங்கக் காகிதத்தில் அவர் மேனேஜர். மற்றபடி எல்லாருக்கும் அண்ணாச்சி. தலைமையாசிரியர் அவருடைய தங்கை மாப்பிள்ளை. அவர் வாயைத் திறந்து நான் பார்த்தது வெற்றிலை போடும்போதுதான்.

தென்காசியில் ஒரு அரிசிக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தேன். தனியாக இருக்கிற பொம்பளைக்கு வேறு யாரும் இடம் தரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலைதான் திறப்பேன். அதற்கு நடுவில் பேச ஆள் கிடையாது. திங்கட்கிழமை பஸ்ஸில் கண்டக்டரிடம் குற்றாலம் ஒன்று என்று கேட்கும்போது தொண்டையிலிருந்து சத்தம் வராது. இரண்டாவது தடவை கேட்பேன். அந்தக் கண்டக்டர் நான் கொஞ்சம் மந்தம் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்தாலே சத்தமாகப் பேசுவார்.

பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கட்டடம் பாதி, தகரக் கொட்டகை பாதி. கீழ் வகுப்புகள் எல்லாம் தகரக் கொட்டகையில். சாரல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பன்னீர் தெளிக்கிற மாதிரி. வந்து குளித்துவிட்டு, எண்ணெய் தேய்த்துவிட்டு, வடை தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று மாதம் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்று பாடம் நடத்திப் பார்த்தால் தெரியும். மழை கனத்துவிட்டால் நான் பேசுவது எனக்கே கேட்காது. அருவியின் இரைச்சல் வேறு. முதல் வருஷம் கத்திக் கத்தி ரத்தம் வருகிற அளவுக்குத் தொண்டை புண்ணாகியது. பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் பாதிப்பேர் சீசன் முடிகிற வரை பள்ளிக்கே வருவதில்லை. பழம் விற்கப் போய்விடுவார்கள்.

பேசினால்தானே கேட்கவில்லை, பாடினால் கேட்குமா என்று பார்த்தேன். கேட்டது. எனக்குக் குரல் இனிமையானது இல்லை. ஆனால் தூரம் போகும். படத்தைக் காட்டிவிட்டுப் பாடினால் இன்னும் நல்லது, காதுக்கு எட்டாததைக் கண் பார்த்துக்கொள்ளும் என்று தோன்றியது. எனக்கோ ஒரு பூசணிக்காய்கூட ஒழுங்காக வரைய வராது. உங்களுக்கு வரும். நான் ஐந்தாம் வகுப்பு, நீங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கல்யாணமானவர். பிள்ளைகளின் சிலேட்டில் யார் கேட்டாலும் ஒரு யானை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவீர்கள். உங்களிடம் வந்து கேட்டேன்.

"இதுக்கா இவ்வளவு இழுத்த? நான் கடன் கேக்க வந்திருக்கன்னுல்லா பயந்துட்டேன்," என்றீர்கள்.

அப்படித்தான் அந்தப் புத்தகம் ஆரம்பித்தது. அண்ணாச்சி கடைக்குச் சரக்கு சுற்றி வருகிற பழுப்புத் தாளை உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அந்தக் கடையில்தான் வேலை பார்த்தார். துணிக்குப் போடுகிற நீலம், மஞ்சள், அதில் சுண்ணாம்பைக் கலந்தால் வருகிற சிவப்பு, அடுப்புக்கரி. இவ்வளவுதான் கலர். கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்தோம். ஒரு பக்கம் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நீங்கள் ஏழு குரங்கு போட்டீர்கள். முதல் பக்கத்தில் ஆளுக்கு ஒரு மங்குஸ்தான் பழம், இரண்டாம் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு. பத்தாவது பக்கத்தில் குரங்குகளே தெரியாமல் பழம் குவிந்து கிடக்கும். ஏழு குரங்குக்கும் ஏழு முகம். ஒன்று தலைமையாசிரியர் மாதிரியே இருந்தது. வேண்டுமென்றே போடவில்லை என்று சத்தியம் செய்தீர்கள். நான் நம்பவில்லை.

சாரலில் தாள் ஊறி உப்பிவிடும். பக்கத்து வடைக்கடை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவோம். அதனால் புத்தகத்தைத் திறந்தாலே வடை வாசம். பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் மோந்து பார்ப்பார்கள். அதற்குக் குரங்குப் புத்தகம் என்று பேர் வைத்ததும் அவர்கள்தான்.

பாட்டுதான் சரியாக அமையவில்லை. முதலில் கும்மி மெட்டில் போட்டேன். கும்மி ஓட ஓட வேகம் பிடிக்கும். ஏழைந்து முப்பத்தைந்து வருவதற்குள் பிள்ளைகள் எண்ணை விழுங்கிவிட்டுக் கையை மட்டும் தட்டிக்கொண்டிருப்பார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. வாய்ப்பாடு மட்டும் வரவில்லை.

ஒரு மழை நாள் மத்தியானம். சாமான் அறையில் நீங்களும் நானும் புத்தகத்தில் சேர்க்க ஒரு ஆற்றுப் படத்தைத் தைத்துக்கொண்டிருந்தோம்.

"ஏட்டி, உனக்குக் கொரல் எங்கன இருந்து வந்தது? ஆத்துக்கு அந்தாண்ட நிக்கவனுக்குக் கேக்கும் போலயே," என்றீர்கள்.

யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். என் அம்மா இழவு வீடுகளுக்குப் போய் ஒப்பாரி சொல்கிறவள். சுற்று ஊர்களில் யார் செத்தாலும் ஆள் வரும். நெல் கொடுப்பார்கள், பழைய சேலை கொடுப்பார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் நான் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். என்னோடு படித்தவர்களுக்கு அது தெரிந்தபோது பந்தியில் என் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். ஒருத்தி தன் கல்யாணத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிடவில்லை. அபசகுனமாம். அதனால்தான் சிவகிரியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன்.

நீங்கள் தைப்பதை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னீர்கள். அம்மா பாடுகிற ஒன்றைப் பாடினேன். அம்மா செத்தபோது அவளுக்குப் பாட ஆளில்லை. நானும் பாடவில்லை, வாய் வரவில்லை. அன்றைக்குச் சாமான் அறையில்தான் முதல் தடவை பாடினேன். நீங்களும் அழுதீர்கள். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

"ஏழாம் வாய்ப்பாட்ட இதுல போடுட்டி."

"அக்கா, கிறுக்குப் பிடிச்சிருக்கா? வீட்டுல போய்ப் பாடுனா பிள்ளைகள வெளக்கமாத்தால அடிப்பாங்க."

"ராசாத்தி, கண்ணேன்னு நடுவுல போடு. தாலாட்டுன்னு நெனைச்சிட்டுப் போறாளுவ. நின்னு நின்னு வருது பாரு, ஒவ்வொரு வரிக்கும் நடுவுல மூச்சு விட எடம் இருக்கு. அதுக்குள்ள படத்தப் பாத்து எண்ணிருவான்."

"எங்க அம்மை விஷயம்..."

"என் வாயில இருந்து வருமாட்டி? நீ எனக்குத் தங்கச்சி மாதிரில்லா."

நீங்கள் சொன்னது சரிதான். அதை நான் மறுக்கவில்லை. இழவு வீட்டில் நூறு பேர் அழுகிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டிய மெட்டு அது. தகரக் கூரை மழையெல்லாம் அதற்கு ஒன்றுமில்லை. மெதுவாகப் போகும். ஒரு வரி முடிந்து இழுக்கிற இழுப்பில் பிள்ளை படத்தைப் பார்த்துவிடும்.

ஏழொண்ணு ஏழாம் – என் ராசாத்தி
எடுத்து வச்ச பழமாம்
ஏழிரண்டு பதினாலாம் – என் ராசாத்தி
எண்ணி வச்ச பழமாம்

இரண்டு வாரத்தில் ஐந்தாம் வகுப்பு முழுக்க ஏழாம் வாய்ப்பாடு சொல்லியது. ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு எத்தனை என்று நடுவில் கேட்டால் சொல்லமாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏழொண்ணிலிருந்து முனகிக்கொண்டு வந்துதான் ஐம்பத்தாறு என்பார்கள். பள்ளியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண்ணிடம் அப்படிக் கேட்டுவிட்டு, அது முனகி முடிக்கிற வரை பொறுமையாக நின்றார். விடை சரியாக வந்ததும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் பூகோளம் நடத்தப் போன மேல் வகுப்புப் பிள்ளைகள்தான் முறுக்கிக்கொண்டார்கள். ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு மீசை முளைக்கிற நேரம். "டீச்சர், நாங்க என்ன பால்குடிப் பிள்ளைகளா, படம் பாத்துப் பாட்டுப் பாடதுக்கு?" என்றான் ஒருவன். அவர்களுக்கு ஆறும் காற்றும் பாடம். எங்கள் ஊர்ப் பக்கம் மழை ஏன் குறைவு, இங்கே மட்டும் ஏன் இப்படிக் கொட்டுகிறது என்பது பூகோளப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க இருக்கும். ஒருத்தனுக்கும் ஏறாது. நீங்கள் மலையை நடுவில் போட்டு, ஒரு பக்கம் நிறைசூலி மாதிரி மேகத்தையும் இன்னொரு பக்கம் வெறுங்கூடையோடு நிற்கிற பொம்பளையையும் வரைந்தீர்கள். நான் பாட்டுக் கட்டினேன்.

மேற்க நின்னு கொட்டிப்புட்டு – மலையேறி
வெறுங்கையா வந்த காத்தே
கெழக்க நிக்கும் பிள்ளைக்கு – காத்தே நீ
கொண்டு வந்ததென்ன காத்தே

பால்குடிப் பிள்ளையா என்று கேட்டவன்தான் அதை உரக்கப் பாடிக்கொண்டு மைதானத்தில் போனான். பொருநை ஆற்றுக்கும் ஒரு பாட்டு கட்டினோம். பாவநாசத்தில் இறங்கிக் கடலுக்குப் போகிற வரை ஒவ்வொரு ஊராகப் புலம்பிக்கொண்டு போகும். அது எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கே உதவியது.

பிள்ளைகள் ஏமாறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு மாதத்திலேயே அவர்களுக்கு மெட்டு பிடிபட்டுவிட்டது. வரி முடிவில் 'ஆ...' என்று இழுக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்தால் பெண் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு ஆடிக்கொண்டு, ஏழேழு நாற்பத்தொன்பதுக்கு மூக்கைச் சிந்துகிறார்கள். நான் பதறிப்போய் அதட்டினேன். நீங்கள் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"வாய்ப்பாடு செத்துப்போச்சுட்டி, அழுது முடிக்கட்டும்," என்றீர்கள்.

அந்த நாலு வருஷமும் நான் சனிக்கிழமை கதவைச் சாத்தவில்லை. உங்கள் வீட்டுக்கு வருவேன். நீங்கள் வரைவீர்கள், நான் வரி கட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது வாயெல்லாம் வலிக்கும், அவ்வளவு பேசியிருப்பேன்.

அண்ணாச்சியின் பேத்தி ஐந்தாம் வகுப்பில் படித்தாள். அண்ணாச்சியின் அண்ணன் கொழும்பில் கடை வைத்திருந்தவர். மஞ்சள்காமாலையோடு ஊர் திரும்பி அந்த வீட்டின் பின்கட்டில் படுத்திருந்தார். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தப் பிள்ளை நடுவீட்டில் உட்கார்ந்து, இழுப்பு, மூக்குச் சிந்தல் எல்லாவற்றோடும் ஏழாம் வாய்ப்பாட்டைப் படித்திருக்கிறது. அவளே பிற்பாடு என்னிடம் சொன்னது இது.

"ஏட்டி மூதேவி! வெளக்கு வைக்கிற நேரத்துல யாருக்குட்டி ஒப்பாரி வைக்க?" என்று அவளுடைய ஆச்சி ஓடி வந்திருக்கிறார்.

"ஒப்பாரி இல்ல ஆச்சி. ஏழாம் வாய்ப்பாடு."

"வாய்ப்பாட எவட்டி இப்பிடிப் படிப்பா?"

"எங்க கிளாஸ்ல எல்லாரும் இப்பிடித்தான் படிக்கோம். டீச்சர்தான் சொல்லித் தந்தாங்க."

அந்த ஆச்சி அவள் முதுகில் இரண்டு வைத்திருக்கிறார். பிள்ளை அழுதிருக்கிறது. அந்த அழுகையும் பின்கட்டுக்குக் கேட்டிருக்கிறது. ஒன்பதாம் நாள் அந்தப் பெரியவர் செத்துப்போனார்.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த சனிக்கிழமை அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எட்டாம் வகுப்பு அறையில் மேசை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியர். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர். மேசை மேல் குரங்குப் புத்தகம். நானும் நீங்களும் நின்றோம். மழை இல்லாத நாள். எல்லாம் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

அண்ணாச்சி கத்தவில்லை. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"ஏம்மா டீச்சர், பாட்டுப் பாடி ஆள் சாவாதுன்னு எனக்கும் தெரியும். டாக்டர் எப்பமோ கைய விரிச்சிட்டாரு. ஆனா வீட்டுல பொம்பளைக சோறு திங்க மாட்டேங்காளுவ. உங்க பள்ளிக்கூடத்துப் பாட்டுதான் அண்ணனக் கொண்டுபோச்சுங்காளுவ. நான் என்ன செய்ய, சொல்லுங்க."

மேசை மேலிருந்த புத்தகத்தை ஒரு பக்கம் புரட்டிவிட்டு மேலே சொன்னார்.

"பிள்ளைக நல்லாப் படிக்குதுவ. இன்ஸ்பெக்டரும் ஒண்ணும் கொறை சொல்லல. ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னா சொல்லிருங்க. கண்டிச்சு விட்டுருதேன். இந்தப் பொஸ்தகத்த ஓரமா வைப்போம். ரெண்டு டீச்சர ஒரே நாள்ல அனுப்பிட்டு நான் எங்கன போயி ஆள் பிடிக்க? ஒருத்தர் வேலைன்னா மட்டும் வீட்டுக்குப் பதில் சொல்லியாகணும்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தர் சொல்ல முடியாது. இரண்டு பேரும் என்றால் இரண்டு பேரும் தப்பினோம். பிறகு அவர் உங்களைப் பார்த்தார். உங்கள் வீட்டுக்காரர் அவர் கடை ஆள் என்பதால் முதலில் உங்களிடம் கேட்டார் போலும்.

"நீங்க சொல்லுங்க. இது யாரு யோசனை?"

நான் நிம்மதியாக இருந்தேன். உங்கள் வாயிலிருந்து வரப்போவது இரண்டே வார்த்தை. நானே மனதுக்குள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"படம் மட்டுந்தான் என்னுது அண்ணாச்சி. பாட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அது அவ அம்மைட்ட இருந்து வந்தது. அவ அம்மை சிவகிரிப் பக்கம் இழவு வீட்டுக்குப் போயி ஒப்பாரி சொல்லுதவ."

கேட்டது யோசனையைப் பற்றி. நீங்கள் என் அம்மாவைச் சொன்னீர்கள். நாலு பெரியவர்களும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருத்தர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி தலை தடவுவதை நிறுத்திவிட்டார்.

"நெசமாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். மெட்டில் போடச் சொன்னது அக்காதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது என் அம்மாவிடமிருந்து நான் விலகிக்கொள்கிற மாதிரி இருந்தது. அதனால் ஆமாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அண்ணாச்சி என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. பண்பொழிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் அவருக்கு இன்னொரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே ஆசிரியர். அங்கே அனுப்பினார். அவர் வீட்டுப் பொம்பளைகள் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் அவருக்கு. அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் பெரிதாக இல்லை.

உங்களுக்காகச் சிலர் வாதாடினார்கள். வீட்டுக்காரருக்கு வேலை போய்விடும் என்று பயந்திருப்பாள், பிள்ளைகுட்டிக்காரி என்றார்கள். கண்டித்து விட்டுவிடுகிறேன் என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகு என்ன பயம்? எனக்கு இன்றுவரை விளங்காத இடம் இதுதான். பயம் இல்லையென்றால் வேறு என்ன? ஒப்பாரிக்காரி மகளோடு சேர்ந்து செய்தேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான். சாமான் அறையில் தங்கச்சி, மேசைக்கு முன்னால் யாரோ.

பண்பொழிப் பக்கம் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். பள்ளியை ஒட்டியே குச்சில் என்று சொல்கிற ஒரு சின்னக் குடிசை, அதில் குடியிருந்தேன். நாலு மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டால் மறுநாள் ஒன்பது மணிவரை மலைதான் எதிரே. திருமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் தண்ணீர் கேட்டு வந்தால் உண்டு. நானே படம் வரைய உட்கார்ந்தேன். என் குரங்குகள் நரி மாதிரி வந்தன. பிள்ளைகள் நாகரிகமாக அது என்ன என்று கேட்கவில்லை. ஒரு வருஷம் நான் பாடவேயில்லை. பிரம்பால் தட்டிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். ஏழாம் வாய்ப்பாடு வந்ததும் எல்லாரும் ஊமையாவார்கள்.

ஒருநாள் பொறுக்காமல் பாடினேன். படம் இல்லை. கூழாங்கல்லைத் தரையில் ஏழு ஏழாக வைத்துக்கொண்டு, பழைய மெட்டில், ராசாத்தியெல்லாம் போட்டு. அடுத்த வாரம் ஒரு பெண் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதிய. எங்க மாமியா இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கா. போனா நீங்க வந்து ரெண்டு பாட்டுப் பாடுவியளா? எங்க தெருவுல ஒருத்திக்கும் கொரல் இல்ல. தவளை கத்துத மாதிரி கத்துதாளுவ. எங்க மாமியாளுக்கு உசுரோட இருக்கும்போதே அந்தச் சத்தம் ஆகாது."

நான் போனேன். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் போகிற காரியமா என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். அம்மா பாடியதையெல்லாம் பாடினேன். இருபது பொம்பளைகள் மாற்றி மாற்றி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அழுதது அந்த மாமியாருக்காக இல்லை. குற்றாலத்தைவிட்டு வந்த பிறகு என்மேல் ஒரு மனுஷக் கை பட்டது அன்றைக்குத்தான்.

போன மாதம் தென்காசியில் ஆசிரியர் கூட்டம். வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் வந்திருந்தன. மாதிரி வகுப்பு எடுக்க உங்களை மேடையில் ஏற்றினார்கள். இப்போது அந்தப் பள்ளிக்கு நீங்கள்தான் தலைமையாசிரியை. எனக்குச் செய்தி தெரியும், ஆனால் பார்த்தது அன்றைக்குத்தான். நல்ல கெட்டி அட்டையில் புதுப் பெயிண்டில் ஏழு குரங்கு. கடைசி வரிசையில் இருந்தே எனக்கு ஏழு முகமும் தெரிந்தது. படம் உங்களுடையது. எத்தனை தடவை வேண்டுமானாலும் வரையுங்கள். பிறகு பிள்ளைகளைப் பாடச் சொன்னீர்கள். வரிகள் என்னுடையவை. எடுத்து வைத்த பழமாம், எண்ணி வைத்த பழமாம். மெட்டை மட்டும் கும்மியாக மாற்றியிருந்தீர்கள். ஏழைந்துக்கு மேல் பிள்ளைகள் வெறும் கையைத்தான் தட்டினார்கள். சபையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் கூடவே தட்டினார்கள்.

முன் வரிசையில் ஒரு புது டீச்சர் எழுந்து கேட்டாள். "பாட்டு ரொம்ப நல்லாருக்கு டீச்சர். யாரு எழுதினது?"

"அது பழைய நாட்டுப்பாட்டும்மா. யாரு பாடினதுன்னு தெரியாது," என்றீர்கள்.

அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. பத்து வருஷமாக மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு நூறு பேர் நடுவில் கால் வரவில்லை. அதற்காக என்னையே நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். கூட்டம் முடிந்து காப்பிக்கு வரிசையில் நின்றபோது நீங்கள் என்னைப் பார்த்துவிட்டீர்கள். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டீர்கள்.

"ஏட்டி, நல்லா இருக்கியா?"

"இருக்கேன் டீச்சர்."

"டீச்சரா? அக்கான்னு வராதாட்டி?"

யாரோ கூப்பிட, போய்விட்டீர்கள். காதோடு காதாக ஏட்டி என்று கூப்பிட உங்களுக்கு வருகிறது. மைக்கில் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தனியாக வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். பஸ் ஏறி என் குச்சிலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழவும் வேண்டாம். அழுகை எனக்குத் தொழில் மாதிரி, எனக்கு நீங்கள் காட்டித் தர வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன். முன் வரிசையில் உட்காருவேன். இந்த முறை எழுந்து நின்று கேட்பேன். நீங்கள் மேடையில் நின்று, மைக்கில், வட்டாரத்து ஆசிரியர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.

ஏழாம் வாய்ப்பாட்டை அந்த மெட்டில் போடச் சொன்னது யார்? உங்களைக் காப்பாற்ற இரண்டே வார்த்தை போதும் என்று தெரிந்தும் என் அம்மாவை ஏன் அந்த மேசைக்கு இழுத்தீர்கள்? சொல்லுங்கள் டீச்சர்.